ஒரு வருஷம் வெளிநாடு போகும் கொங்குக் குடும்பத்துக்கு: கிளம்பும் முன் முழுமையான வழிகாட்டி

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்கு ஜெர்மனி கிளையில் ஒரு வருஷப் பணி கிடைக்கிறது. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருப்பவரை லண்டனுக்கு அனுப்புகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருவர் ஆராய்ச்சிக்குப் போகிறார். தனி ஆளாக இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். மனைவி, இரண்டு பிள்ளைகள் கூட வர, தோட்டத்தையும் அப்பா அம்மாவையும் ஊரில் விட்டுவிட்டுப் போவது வேறு கணக்கு.

ஒரு வருஷம் என்பது ரெண்டுங்கெட்டான் அளவு. சுற்றிப் பார்ப்பதற்கு அதிகம், குடியேறுவதற்குக் குறைவு. வங்கி உங்களை வெளிநாட்டுவாசி என்று எழுதிக்கொள்ளும். பள்ளிக்கூடம் பிள்ளை விட்டுப் போய்விட்டதாகப் பதிந்துகொள்ளும். ஒறம்பரையோ (சொந்தபந்தம்) ஆவணி முகூர்த்தத்துக்கு வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்கும். அதனால் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: போகும் தேதியை அப்புறம் பாருங்கள், திரும்பும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளி, வரி, குத்தகை, நகை என்று எல்லாமே அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. கையில் எட்டு மாசம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். நாலு மாசம்தான் என்றால் ஓட வேண்டியிருக்கும்.

1. குடும்பத்தோடு போக முடியுமா என்று உறுதி செய்யுங்கள்

வேலைக் கடிதம் வந்ததும் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறோம். விசா விதியைப் படிப்பது அதற்குப் பிறகுதான். முறை மாற வேண்டும். பிரிட்டனுக்கு ஒரு வருஷ முதுகலைப் படிப்புக்குப் போகிறவர், 2024 ஜனவரி முதல், மனைவி மக்களைச் சார்பு விசாவில் கூட்டிப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் குடும்பத்துக்குச் சார்பு அட்டை வாங்க மாசச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு ‘புளூ கார்டு’ என்ற வேலை அனுமதியில் போகிறவரின் துணைக்கு ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை. வேறு சில வகைகளில் ஏ1 (மொழியின் தொடக்க நிலை) சான்று கேட்பார்கள். அதைப் படித்து எழுதவே மூன்று நாலு மாசம் பிடிக்கும்.

பணமும் இங்கேயே தெரிந்துவிடும். பிரிட்டனில் ஆறு மாசத்துக்கு மேல் தங்க விசா கேட்டால் ‘ஹெல்த் சர்சார்ஜ்’ என்று பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு இது மட்டுமே 3,600 பவுண்டைத் தாண்டும். இதை நிறுவனம் கட்டுகிறதா, நீங்கள் கட்டுகிறீர்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று மேனேஜர் வாயால் சொன்னது கணக்கில் சேராது.

2. பெயர், பாஸ்போர்ட், சான்றிதழ்

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில்தான். அப்பா பெயர் காளியப்பன், பையன் பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ‘கா. சண்முகம்’, ஆதாரில் ‘சண்முகம் கா’, பான் அட்டையில் ‘காளியப்பன் சண்முகம்’, பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நமக்கு இது நாலும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு நாலு ஆள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதில் கட்டுப்பாடு வைத்தது. அப்போது நம்மூர்ப் பெயர்கள் நிறையச் சிக்கின.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் பிள்ளைகளுக்கும் அதே முறையைப் பின்பற்றுங்கள். மனைவி கணவர் பெயருக்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. படிப்புச் சான்றிதழில் இருப்பதையே வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துதான் இனி எல்லாவற்றுக்கும் அளவு என்று வைத்து, பான், ஆதார், வங்கி எல்லாவற்றையும் அதற்குப் பொருத்துங்கள்.

பெரியவர்களுக்கான சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அங்கே போய் நடுவில் காலாவதியானால் தூதரகத்துக்கு அலைய வேண்டும். திரும்பும் தேதிக்கு மேல் ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கிறதா என்று எல்லா பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். குறைந்தால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பிள்ளைக்கு அஞ்சு வயசோ பதினஞ்சு வயசோ நெருங்குகிறது என்றால் ஆதாரில் கைரேகை புதுப்பிப்பையும் கையோடு முடித்துவிடுங்கள்.

கல்யாணச் சான்றிதழ்: கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, பதிவு செய்யாமலே விட்ட தம்பதிகள் நம் பக்கம் இன்னும் ஏராளம். சார்பு விசாவுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நகராது. பத்து வருஷம் கழித்தும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டின போட்டோ, கோயில் ரசீது, சாட்சிகள் என்று தேடி எடுக்க வேண்டும். பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருப்பது பெரும்பாலும் அம்மாயி (அம்மாவின் அம்மா)தான், அங்கே கேளுங்கள்.

அடுத்தது அப்போஸ்டில், அதாவது நம் சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை. இதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் உள்ள நாடு என்றால் பிறப்பு, கல்யாண, பட்டச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் மேலொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அவ்வளவுதான். அமீரகம், கத்தார் மாதிரி ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு இதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். ஏஜென்ட் மூலம் கொடுத்தால் கட்டணம் பல மடங்காகும். அமைச்சகத்தின் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் அலைச்சல் கூலி.

சான்றிதழை லேமினேட் செய்திருந்தால் பின்பக்கம் முத்திரை வைக்க முடியாது. பத்தாவது மார்க் ஷீட் வந்த அன்றே ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் போட்டு ஒட்டுவது நம் ஊர்ப் பழக்கம். உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அப்படி இருப்பவர்கள் பல்கலைக்கழகத்திலோ தேர்வுத் துறையிலோ நகல் சான்றிதழுக்கு உடனே எழுதிப் போடுங்கள். மாசக்கணக்கில் ஆகும் வேலை அது.

3. பிள்ளைகளின் படிப்பு

ஒன்றாவதில் இருந்து ஏழாவது வரை படிக்கும் பிள்ளை என்றால் தயங்காமல் கூட்டிப் போங்கள். எட்டாவது என்றால் திரும்பும் மாசத்தைக் கணக்குப் பாருங்கள். ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை என்றால், என்னைக் கேட்டால், வேண்டாம். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலும் பதினொன்றாவதிலும்தான் வாரியத்தில் மாணவரைப் பதிகிறார்கள். நேரடியாகப் பத்திலோ பன்னிரண்டிலோ வந்து சேர்வதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மாநில வாரியத்துக்கோ, 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். ஒரு வருஷம் தமிழே எழுதாமல் இருந்த பிள்ளை பத்தாவது பொதுத்தேர்வில் செய்யுள் பகுதியைப் பார்த்து முழிக்கும்.

டி.சி. வாங்குவதா, நீண்ட விடுப்பு கேட்பதா என்பது பள்ளியைப் பொறுத்தது. சில தனியார் பள்ளிகள் ஒரு வருஷக் கட்டணத்தைக் கட்டினால் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லும். லட்சம் ரூபாய் கட்டி ஒரு காலி பெஞ்சை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஊரில் அந்த ஒரு பள்ளிதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் உங்கள் இஷ்டம். எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். டி.சி. வாங்கினால் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாற்றாமல் விட்டால், திரும்பி வந்து வேறு பள்ளியில் சேர்க்கும்போது பழைய பள்ளிக்கே போய் நிற்க வேண்டும். எட்டாவது வரை டி.சி. இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையைத் தள்ளக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கையில் காகிதம் இருப்பவருக்குத்தான் வேலை சீக்கிரம் முடியும்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். தமிழ், கணக்கு இரண்டை மட்டும் அச்சுப் புத்தகமாகக் கொண்டுபோங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகத்துப் பிள்ளைகளுக்கென்றே பாடங்கள் வைத்திருக்கிறது. வாரம் ரெண்டு நாள் அப்பிச்சியோடு (அம்மாவின் அப்பா) வீடியோவில் பேசி, அவர் சொல்லும் நாலு வரியை எழுதிக் காட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

போகிற நாட்டின் தடுப்பூசிக் கணக்கு வேறு. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் பள்ளியில் சேரும்போது தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசி முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டிருக்க வேண்டும் என்கின்றன. நம் அரசு அட்டவணையில் முதல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பதாவது மாசத்தில். அது அங்கே கணக்கில் வராது. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசியும் அதில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, விட்டதைப் போட்டு, ஆங்கிலத்தில் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு என்றால் காசநோய்ச் சான்றும் வேண்டும்; அது ஆறு மாசத்துக்குத்தான் செல்லும், ரொம்ப முன்னாடி எடுத்தால் வீண்.

4. பணம், வரி, ஓ.டி.பி.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். ஆனால் கேள்வி தெரியாமல் போனால் அவரும் மேலோட்டமாகத்தான் சொல்லுவார்.

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி. ஏப்ரலில் இருந்து எண்ணினால், செப்டம்பர் நாலாவது வாரத்துக்குள் கிளம்பியாக வேண்டும். அப்போது வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. டிசம்பரில் கிளம்பினால் அந்த வருஷம் முழுக்க நீங்கள் உள்நாட்டுவாசி. மார்ச் வரை வாங்கின வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும்.

திரும்பும் வருஷத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிரந்தரமாகத் திரும்பி வருபவருக்கு 60 நாள் விதி வந்துவிடும்: அந்த ஆண்டில் 60 நாளாவது இங்கே இருந்து, அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் 365 நாள் இருந்திருந்தால் உள்நாட்டுவாசிதான். ஆக டிசம்பரில் போய் அடுத்த டிசம்பரில் வருபவர் இரண்டு நிதியாண்டிலும் உள்நாட்டுவாசியாகிவிடலாம். ஜூலையில் போய் ஜூலையில் வந்தால் முதல் வருஷம் தப்பிக்கலாம். இரண்டாம் வருஷத்தின் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான சம்பளம் இங்கே கணக்கில் வரும். அங்கே கட்டின வரிக்கு இரட்டை வரி ஒப்பந்தத்தில் கழிவு கேட்கலாம், அதற்கு அங்கத்திய வரிச் சான்று வேண்டும், மறக்காமல் வாங்கி வாருங்கள். வரிக்கு ஏப்ரல்-மார்ச் நல்லது, நம் பள்ளிக்கு ஜூன்-மே நல்லது, ஐரோப்பியப் பள்ளிக்கு செப்டம்பர்-ஜூலை நல்லது. மூன்றும் ஒத்துப்போகாது. எதை விட்டுக்கொடுப்பது என்று கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு உள்ள 182 நாள் சலுகை, சும்மா கூடப் போகும் துணைக்குத் தானாக வராது. மனைவி பெயரில் வாடகை, வட்டி வருகிறது என்றால் அவருக்குத் தனிக் கணக்கு.

நிறுவனம் இங்கேயே சம்பளம் போட்டு ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஜப்பான் மாதிரி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு அனுப்புகிறதா? வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் ‘சர்டிபிகேட் ஆஃப் கவரேஜ்’ வாங்கச் சொல்லுங்கள். அங்கத்திய ஓய்வூதியப் பிடித்தத்தில் இருந்து தப்பலாம்.

வங்கி: வேலைக்குப் போனால் ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டப்படி சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக, அதாவது வெளிநாட்டுவாசியின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். ஒரு வருஷம்தானே என்று விடுபவர்கள் உண்டு, விடாதீர்கள். அங்கே சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனி. என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல் பிடித்தம் போகும் என்பதால் பெரிய வைப்பு நிதிகளை முன்கூட்டியே அப்பா அம்மாவோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

இதையெல்லாம் விட அன்றாடம் தொல்லை கொடுப்பது ஓ.டி.பி.தான். ஆதார், வங்கி, வரி, பட்டா எல்லாமே பழைய செல் நம்பரில் தொங்குகின்றன. கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வையுங்கள்; குறுஞ்செய்தி வரும் அளவுக்கு ரீசார்ஜ் தொடரட்டும். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் நிறுத்திவிட முடியும், நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். சிலர் சிம்மை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

“அப்பா, நம்பர் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு சாமி, இரு, கண்ணாடி எடுத்துக்கறேன்.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதோடு, ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று நாமே அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சிம் உங்களிடமே இருக்கட்டும்.

5. தோட்டம், வீடு, பவர்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஃபெமாபடி வெளிநாட்டுவாசியாக இருக்கும் காலத்தில் விவசாய நிலம் வாங்க முடியாது, தோட்டத்து வீடும் முடியாது. அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாலும் அது தவறு. வாரிசாக வந்தால் மட்டும் சரி. ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ள காடு தோட்டத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே எழுத்து வேலை ஏதும் பாக்கி இருந்தால் கிளம்பும் முன் முடியுங்கள், இல்லை திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தரகர் ‘பவர் போட்டு முடிச்சிரலாம்ங்க’ என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பவர் எழுதுவதாக இருந்தால் பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் எழுதுங்கள்: மின் இணைப்பு, வீட்டு வரி, பட்டா விண்ணப்பம், குத்தகைப் பணம் வாங்குவது, அரசு அலுவலகங்களில் ஆஜராவது. விற்கும் அதிகாரம் தம்பிக்கே ஆனாலும் தேவையில்லை. உறவு கெடாமல் இருக்கவும் அதுதான் நல்லது. இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகத்தில் ஒப்பம் வாங்கி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்று அலைச்சல் கூடும். கிளம்பும் வாரத்தில் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்து, பிரதி எடுத்து வையுங்கள்.

தோட்டத்தை யாரிடம் விடுவது என்பதுதான் நம் வீடுகளில் பெரிய பேச்சு. தென்னை என்றால் நிலத்தையே குத்தகைக்கு விடாமல், காயை மட்டும் மகசூல் குத்தகைக்கு விடுவது பாதுகாப்பு. நிலத்தில் உழுது பயிர் செய்யும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி பாதுகாக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது ஏழைக் குத்தகைதாரருக்காக வந்த நியாயமான சட்டம்தான். ஆனால் வாய்ப்பேச்சில் ஒரு வருஷம் என்று விட்டுவிட்டு அப்புறம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் உண்டு. எத்தனை வெட்டு, உரம் யார் செலவு, மட்டையும் ஓலையும் யாருக்கு, வெள்ளை ஈ வந்தால் யார் மருந்தடிப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். மட்டையும் ஓலையும் அற்பமாகத் தெரியும், சண்டை அதில்தான் ஆரம்பிக்கும்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்தில் இருந்தால் உங்கள் மண்டலத்துக்கு எந்த வருஷம் தண்ணீர் என்று பாருங்கள். நாலு மண்டலங்களுக்கு முறை வைத்து விடுவதால், நீங்கள் இல்லாத வருஷமே உங்கள் முறையாக அமையலாம். கீழ்பவானி என்றால் வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் வாய்க்கால் திறப்பு. அதற்குமுன் மடையும் வரப்பும் சரிபார்க்க ஆள் வேண்டும். மாடு கன்னை வாரத்துக்கு (பங்குக்கு) விடுவதா, விற்பதா என்று அப்பாவிடம் கேளுங்கள். கட்டுத்தரை காலியாவதைத் தாங்க மாட்டார் என்றால் ஒரு பசுவாவது இருக்கட்டும்.

கோவையில் வீடு இருந்தால் பூட்டி வைப்பதைவிட வாடகைக்கு விடலாம் என்பார்கள். ஒரு வருஷத்துக்கு வருபவர் திரும்பும்போது காலி செய்வாரா என்பதுதான் கேள்வி. விடுவதென்றால் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். முன்பணம் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் வெளிநாட்டுவாசி என்றால் வாடகைக்காரர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும், அவருக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள். பூட்டி வைப்பதென்றால் சாவி வைத்திருப்பவர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போர்வெல் மோட்டாரை ஓட்டட்டும். சும்மா கிடந்தால் இறுகிவிடும். யு.பி.எஸ். பேட்டரி தண்ணீர், மர அலமாரியில் கரையான், கார் பேட்டரி ஆகியவற்றையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாசத்தில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு. வீடு பூட்டியிருக்கும் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

6. அப்பா அம்மா

பல்லடம், சிவகிரி பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் 2024-லும் 2025-லும் கொல்லப்பட்ட பிறகு, தனித் தோட்டத்தில் அப்பா அம்மாவை விட்டுப் போக எந்த மகனுக்கும் மகளுக்கும் மனசு வராது. ஊருக்குள் வாங்க என்றால் அவர்கள் வர மாட்டார்கள். செய்யக்கூடியதைச் செய்யுங்கள்: களத்திலும் வாசலிலும் விளக்கு, செல் நம்பரோடு இணைந்த கேமரா, மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி, நாய். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரோடு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் என்று பழக்கம் வைத்துக்கொடுங்கள். நகையும் ரொக்கமும் வீட்டில் இல்லை என்பது ஊருக்கே தெரியட்டும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டு வருவார்கள், பெயரைப் பதிந்து வையுங்கள். அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதியை உங்கள் காலண்டரில் குறியுங்கள். உங்கள் இந்தியக் காப்பீட்டையும் ஒரு வருஷம்தானே என்று விட்டுவிட வேண்டாம். விட்டால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம், மூன்று வருஷம் வரை, மறுபடி முதலில் இருந்து தொடங்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் கையெழுத்துப் போடுபவர் யார், முன்பணம் கட்டுபவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ‘எல்லாரும் இருக்காங்க’ என்பது யாரும் இல்லை என்பதற்குச் சமம்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தால், நடுவில் ரெண்டு மாசம் வந்து போகலாம். வர மாட்டேன் என்பவர்களும் பேரன் கூப்பிட்டால் வருவார்கள்.

7. சீரும் ஒறம்பரையும்

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தம்பிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா ஒரு வருஷம் வெளிநாடு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீருக்கு யார் நிற்பது? பெரியப்பா மகளை வைத்துச் செய்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆனால் அக்கா காலம் பூராவும் அதைச் சொல்லிக் காட்டுவார். வீட்டில் கல்யாணமோ, அக்கா மகளுக்குத் தெரட்டிச் சீரோ (பூப்பு நீராட்டு) வரும் வருஷமாக இருந்தால் முன்னாடியே உட்கார்ந்து பேசுங்கள். டிக்கெட் செலவில் ஒரு தடவை வந்து போவதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மொய் எழுதும் வேலையைத் தம்பியிடம் விட்டால் நோட்டு ஒன்று கொடுங்கள், திரும்பி வந்ததும் கணக்கு வேண்டும்.

குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள். அது பெரியவர்களுக்காக.

8. பெட்டியில் என்ன

காங்கயம் பக்கத்து ஆட்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொப்பரைத் தேங்காய் விமானத்தில் போகாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் போக்குவரத்து விதியில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஸ்கேனரில் தெரிந்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கசகசா அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாப் பொடி அரைக்கும் அம்மாவிடம் கசகசா போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் வெளியில் இருந்து பால், இறைச்சிப் பொருட்கள் எடுத்துப் போகக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கு எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால்தான் அபராதம். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை: செலவு ரசத்துக்கு வறுத்து அரைத்த பொடி, ஈரோட்டு மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் கொள்ளு, சந்தகை பிழிய ஒரு சின்ன அச்சு. அரிசியும் பருப்பும் பெரிய ஊர்களில் எல்லாம் கிடைக்கின்றன, எடையை அதில் வீணாக்காதீர்கள். அரிசிம்பருப்புச் சாதம் வைக்க மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, இன்டக்‌ஷன் அடுப்புக்குப் பொருந்தும் அடிப்பாகத்தோடு. அங்கே பெரும்பாலும் மின் அடுப்புதான். மிக்ஸி ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் ஓடும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட் என்பதால் ஓடாது. கோவையிலேயே 110 வோல்ட் மாடல் கேட்டு வாங்கலாம். உள்ளே போடும் தெர்மலை இங்கேயே வாங்குங்கள், திருப்பூரில் தைத்ததை அங்கே போய் யூரோ கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மேல் கோட்டை மட்டும் அங்கத்திய குளிருக்கு அங்கேயே வாங்குவது நல்லது.

மருந்து மூன்று மாசத்துக்கு, மருந்தின் வேதிப் பெயர் எழுதிய சீட்டோடு. கோடீன், டிரமடால் கலந்த எதையும் முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கார் ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும் என்பதால் கிளம்பும் மாசத்தில் எடுத்தால் போதும். ஜெர்மனியில் குடியிருப்பவருக்கு வெளிநாட்டு உரிமம் பொதுவாக ஆறு மாசத்துக்குத்தான் செல்லும்.

9. கிளம்பும் வாரமும் போய்ச் சேர்ந்த வாரமும்

கோவையில் இருந்து நேரடியாகச் சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபிக்கு விமானம் உண்டு. மற்ற ஊர்களுக்கு இவற்றின் வழியாகவோ கொச்சி, பெங்களூரு, சென்னை போயோ ஏற வேண்டும். எட்டுப் பெட்டியும் சின்னப் பிள்ளைகளுமாக ரயிலில் சென்னைக்குப் போவதைவிடக் கொச்சிக்கு வண்டி பேசிக்கொள்வது லேசு. வழியனுப்ப நாலு கார் வேண்டாம். ஒரு காரில் வருபவர்களைத் தவிர மற்றவர்கள் வீட்டிலேயே வழியனுப்பட்டும்.

நகையை லாக்கரில் வையுங்கள். லாக்கர் துணைவரோடு கூட்டாக இருக்கட்டும். தாலிக்கொடியும் அன்றாடம் போடும் நகையும் கூட வரும் என்றால், எடையும் படமும் எழுதிய மதிப்பீட்டுச் சீட்டை நகைக்கடையில் வாங்கி, கிளம்பும் நாளில் விமான நிலையச் சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் திரும்பி வரும்போது இங்கிருந்து போன நகைதான் என்று காட்ட முடியும். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.  வெளிநாட்டு நோட்டாக ஒருவர் 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம். மீதியை ஃபாரெக்ஸ் அட்டையில் போடுங்கள். இந்திய ரூபாய் 25,000-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி இறங்கும்போது டாக்சிக்கு ஆகும்.

அசல் சான்றிதழ்கள் கைப்பையில், நகல் ஒரு செட் தம்பியிடம், ஸ்கேன் செய்தது மின்னஞ்சலில். அங்கே இறங்கியதும் ஜெர்மனி என்றால் வீடு எடுத்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; அந்தச் சீட்டு இல்லாமல் வங்கியில் இருந்து பள்ளி வரை எதுவும் நடக்காது. பிரிட்டன் என்றால் பழைய அட்டைக்குப் பதில் இப்போது இ-விசா. கணக்கைத் திறந்து எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பக்கத்தில் உள்ள குடும்ப மருத்துவரிடம் நாலு பேரையும் பதியுங்கள், யாருக்காவது காய்ச்சல் வந்த பிறகு போனால் தாமதமாகும். பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தை அதே வாரத்தில் போடுங்கள். நடு ஆண்டில் சேர்வதால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம், அதைத் தெரிந்துகொண்டு வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். திரும்பும் மாசத்துக்கு முன் காலி செய்ய எத்தனை மாச அறிவிப்பு வேண்டும் என்ற வரியையும் அதில் பாருங்கள். ஜெர்மனியில் வழக்கமாக மூன்று மாசம்.